பறக்கிறவனிடம் மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் பாராகிளைடிங். கல்லாவுக்குப் பின்னால் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறேன், அதில் நான் மலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருப்பேன். ஒயர் வாங்க வந்தவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எனக்கு நேரடிப் பழக்கம் பாராகிளைடிங் மட்டும்தான். ஸ்கைடைவிங், பேஸ் ஜம்பிங் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும், அதைச் செய்கிறவர்களிடம் பேசியும் தெரிந்துகொண்டது.

"பாராசூட், பாராகிளைடிங், பாராசெய்லிங்... எல்லாம் ஒண்ணுதானண்ணே?"

இல்லை தம்பி. பாராசூட்டின் வேலை விழுகிற வேகத்தைக் குறைப்பது. ஸ்கைடைவிங்கில் விமானத்திலிருந்து 3,000, 4,000 மீட்டர் உயரத்தில் குதித்து, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் விழுந்துவிட்டு, அப்புறம்தான் பாராசூட்டைத் திறப்பார்கள். பாராசெய்லிங்கில் படகோ ஜீப்போ கயிறு கட்டி இழுக்கும். மேலே தொங்குகிறவர் சாமான் மாதிரிதான், அவர் செய்ய ஒன்றுமில்லை. பாராகிளைடிங்கில் மலைச்சரிவில் விங் என்கிற துணி இறக்கையை விரித்து, காற்றில் எழுப்பி, நாலைந்து எட்டு ஓடினால் கால் தானாகத் தரையை விட்டுவிடும். எங்கேயும் குதிப்பது கிடையாது. முதுகில் இன்ஜின் கட்டிக்கொண்டால் அது பாராமோட்டார். பாறை விளிம்பு, கட்டடம், பாலம், கோபுரம் இவற்றிலிருந்து குதிப்பது பேஸ் ஜம்பிங்.

இதை நான் விரித்துச் சொல்லக் காரணம், இவை ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு வேறு அளவு. "வான சாகசத்தில் ஒருவர் பலி" என்று செய்தி வந்தால் எது என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

"மோட்டார் இல்ல, ரெக்கையும் ஆட்டல. எப்படி மேலேயே நிக்குது?"

நிற்பதில்லை. எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. காற்று அசையாத நேரத்தில் ஒரு சாதாரண விங் மணிக்கு 36, 38 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போகும், நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கீழே இறங்கும். அதாவது 100 மீட்டர் உயரத்தைக் கொடுத்தால் 800, 900 மீட்டர் தூரம் கிடைக்கும். இந்தக் கணக்கை ஞாபகம் வையுங்கள், யானைமலைக் கேள்வியில் தேவைப்படும்.

மேலே ஏறுவது வெயிலின் தயவு. காலை பத்து மணிக்கு மேல் ஆற்று மணலும் பாறையும் உழுத செம்மண்ணும் சூடேறினால், அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி எழும்பும். இதற்குப் பெயர் தெர்மல். அது நொடிக்கு 3 மீட்டர் எழும்பினால், நாம் ஒரு மீட்டர் இறங்கியது போக 2 மீட்டர் ஏறுவோம். வைகைக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போடுவது இதில்தான். எங்களுக்கு வேரியோ என்று ஒரு கருவி வேண்டியிருக்கிறது. ஏறினால் கீக் கீக் என்று கத்தும், இறங்கினால் இழுத்து முனகும். பருந்துக்கு அது தேவையில்லை. பக்கத்தில் பருந்து வட்டமிட்டால் வேரியோவை விட்டுவிட்டுப் பருந்தை நம்பிப் போவோம், பெரும்பாலும் ஏமாற்றாது.

"மொட்டை மாடியில நின்னாலே எனக்குக் கால் கூசுது. எனக்கெல்லாம் ஆகுமா?"

ஆகும். எனக்கும் மாடி விளிம்பில் கூசும். மாடியில் கண்ணையும் தரையையும் இணைக்கிற ஒரு சுவர் இருக்கிறது, அதுதான் ஆழத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறது. காற்றில் அந்தச் சுவர் இல்லாததால் உயரம் தெரிகிறதே தவிர விளிம்பு தெரிவதில்லை. உண்மையான தொந்தரவு குமட்டல்தான். தெர்மலில் திரும்பத் திரும்பச் சுற்றும்போது வரும். பரோட்டா, சால்னா என்று கட்டிவிட்டு வராதீர்கள். வெறும் வயிற்றோடும் வராதீர்கள்.

"கயிறு அறுந்துட்டா?"

இதைக் கேட்காத ஆளே கிடையாது. விங்கிலிருந்து ஹார்னஸுக்கு, அதாவது நாம் பட்டை போட்டு உட்காரும் இருக்கைக்கு, வரும் கயிறுகளை நீட்டிக் கட்டினால் சில நூறு மீட்டர் வரும். எடைக்கு எட்டு மடங்கு பாரம் தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் ஐரோப்பியத் தரச்சான்று கொடுக்கிறார்கள். பராமரித்த விங்கில் கயிறு அறுந்து ஆள் விழுந்தான் என்பது மிக அபூர்வம்.

நாங்கள் பயப்படுவது மடங்குவதற்கு. விங்குக்குள் கம்பியோ சட்டமோ கிடையாது. முன்வாயிலில் புகும் காற்றுதான் அதை இறக்கை வடிவத்தில் வைத்திருக்கிறது. குழம்பிய காற்றில் ஒரு பக்கம் பொசுக்கென்று மடங்கும், நாம் அந்தப் பக்கமாகச் சுழலத் தொடங்குவோம். விங்குகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. ஏ வகை, கையைச் சும்மா வைத்திருந்தாலே பெரும்பாலும் தானாக விரிந்துவிடும். டி வகை கைதேர்ந்தவர்களுக்கு. விரியவே இல்லையென்றால் ஹார்னஸில் ரிசர்வ் பாராசூட் இருக்கிறது, கைப்பிடியை இழுத்து நாமேதான் வீச வேண்டும். இது எல்லாவற்றுக்கும் சில நொடிகள் தேவை. அந்த நொடிகள் எங்கிருந்து வரும் என்பதுதான் அடுத்த கேள்வி.

"ரொம்ப மேல போகாதடா, தாழவே பறந்துட்டு வந்துரு. அப்படிப் பறந்தா பயமில்லைல?"

என் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வது. சரிம்மா என்பேன், கேட்க மாட்டேன். 300 மீட்டர் உயரத்தில் விங் மடங்கினால் பார்த்து, யோசித்து, சரிசெய்து, முடியாவிட்டால் ரிசர்வ் வீசலாம். 30 மீட்டரில் மடங்கினால் யோசித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். கணுக்கால் உடைவதும் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நொறுங்குவதும் பெரும்பாலும் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான். பறக்கிறவனுக்கு உயரம்தான் பாதுகாப்பு, மரமும் பாறையும் பக்கத்தில் வரும்போதுதான் நான் உண்மையில் வியர்க்கிறேன்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம் என்றும் இல்லை. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், எவா விஷ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்டைவிட உயரம். மயங்கிய நிலையில் உடம்பெல்லாம் பனி படிந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மேற்கே கருத்துத் திரளும் மேகத்தைப் பார்த்து மதுரையில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் மூட்டை கட்டிவிடுவோம்.

"பைக்ல போறதைவிட இது சேஃப்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

பறக்கிறவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது அது. இந்தியச் சாலைகளில் 2022-ல் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எண்ணிக்கை பயங்கரம்தான். ஆனால் பைக் ஓட்டுகிறவர்கள் கோடிக்கணக்கில், தினமும் ஓட்டுகிறார்கள். பறக்கிறவர்கள் சில ஆயிரம், வருடத்தில் சில நாள். மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் ஜல்லிக்கட்டைவிட மாடிப்படி ஆபத்து என்றுகூட நிரூபிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு என்று கணக்குப் போட்டால் பாராகிளைடிங் பைக்கைவிட ஆபத்தானது. இதை ஒத்துக்கொண்டு பறப்பதுதான் நியாயம்.

விளையாட்டுக்கு விளையாட்டு எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இரண்டு எண்கள். அமெரிக்காவில் 2023-ல் ஏறக்குறைய 36 லட்சம் ஸ்கைடைவிங் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். 1970-களில் இது வருடத்துக்கு 40-க்கு மேல் இருந்தது. பயிற்சி முறையும் கருவிகளும் மாறியதுதான் காரணம். 1991-ல் வந்த சைப்ரஸ் என்ற பெட்டி அதில் முக்கியமானது, குதித்தவர் மயங்கிவிட்டாலும் குறிப்பிட்ட உயரத்தில் ரிசர்வைத் தானே திறந்துவிடும். நார்வேயின் ஷெராக் பாறையில் 1995 முதல் 2005 வரை நடந்த பேஸ் ஜம்பிங்கை எண்ணிப் பார்த்தபோது 20,850 குதிப்பில் 9 பேர் இறந்திருந்தார்கள். 2,300 குதிப்புக்கு ஓர் உயிர். விமானத்திலிருந்து குதிப்பதையும் பாறையிலிருந்து குதிப்பதையும் ஒரே பட்டியலில் வைப்பது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரியும்.

"யானைமலை இருக்கு, நாகமலை இருக்கு. இங்கேயே பறந்துட்டுப் போகவேண்டியதுதானே?"

ஒத்தக்கடையிலிருந்து வரும் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. யானைமலை சமணர் சிற்பங்களும் தமிழி கல்வெட்டும் நரசிங்கம் குடைவரைக் கோயிலும் உள்ள, பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே துணியை விரித்து ஓடுவதற்கு அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும் நான் ஓட மாட்டேன். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு 900 மீட்டர் தூரம் என்றால், அந்த எல்லைக்குள் நாலுவழிச் சாலை, மின்கம்பிகள், வீடுகள், தென்னைகள். போதாததற்கு அது மொட்டைப் பாறை. மத்தியான வெயிலில் அதிலிருந்து எழும் காற்று முரட்டுத்தனமாக இருக்கும். காற்று ஒரு பக்கம் மோதினால் மறுபக்கம் பாறையைத் தாண்டிக் கீழே உருண்டு சுழலும். அந்தச் சுழலுக்குள் போன விங் கந்தல்தான்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளைச் சிலர் காட்டுகிறார்கள். அங்கே வேண்டவே வேண்டாம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு எல்லாம் அந்தப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. பெரிய வண்ணத்துணி ஒன்று கூட்டுக்கு எதிரே பறந்தால் பறவை முட்டையை விட்டுவிட்டு எழும்பிவிடும். நமக்குப் பறக்க வேறு மலை இருக்கிறது, அதற்குக் கூடு கட்ட வேறு பாறை இல்லை.

அப்புறம், மதுரையைச் சுற்றி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் வான்வெளி. கேட்காமல் பாராமோட்டாரில் ஏறிவிட்டு "சும்மா கொஞ்ச நேரம்தான் சார்" என்று சொல்ல முடியாது.

"அப்ப மதுரைக்காரன் எங்க போய், எப்பப் பறக்கிறது?"

பக்கம் என்றால் கேரளத்தின் வாகமன். தேனி, கம்பம், குமுளி வழியாகப் போய்விடலாம். புல்மேடு, பறப்பதற்கேற்ற சரிவு, நம்மையும் கூட ஏற்றிப் பறக்கும் டேண்டம் விமானிகள் உண்டு. முறையாகக் கற்க மகாராஷ்டிராவின் காம்ஷெத்துக்கோ இமாச்சலத்தின் பீர் பில்லிங்குக்கோ போகிறார்கள். பில்லிங்கில் கிளம்பும் இடம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று அங்கே நடந்தது.

காலம்தான் இடத்தைவிட முக்கியம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது நம்மை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று சொல்ல முடியாது. ஆனியிலிருந்து புரட்டாசி வரை மேற்குத்தொடர்ச்சி மலை இடைவெளிகள் வழியாகத் தேனிப் பக்கம் வீசும் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகளே நிற்கின்றன. காற்றாலைக்கு நல்ல காற்று பாராகிளைடருக்கு ஆகாது. நம் விங்கின் வேகமே 38 கிலோமீட்டர், எதிர்க்காற்று 40 என்றால் பின்னால் போவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிச்சம் மார்கழி முதல் பங்குனி வரை. புதியவர்களுக்கு அதிலும் காலையும் சாயங்காலமும்தான், நடுப்பகல் வேண்டாம். இமாச்சலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கவே தடை.

"இறங்குறதுக்கு என்ன, எங்கேயும் வெறும் பொட்டல்தானே?"

மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நம் பக்கத்துக் காட்டில் இறங்குவதற்கு முன் நான் தேடுவது மொட்டைக் கிணற்றை. சுற்றுச்சுவர் இல்லாமல், ஓரமெல்லாம் புல் மூடி, மேலிருந்து ஒரு கரும்புள்ளி மாதிரி கிடக்கும். ஐம்பது, அறுபது அடி ஆழம் இருக்கும். தண்ணீர் கிடந்தால் ஹார்னஸும் நனைந்த துணியும் மேலே வர விடாது. கண்மாயும் அதேபோலத்தான், மேலே பசேலென்று தெரிவது ஆகாயத்தாமரை, தரை என்று நினைத்து இறங்கக் கூடாது.

மின்கம்பி தூரத்திலிருந்து தெரியாது. கம்பத்தைப் பார்த்து, அடுத்த கம்பத்தைத் தேடி, நடுவில் கம்பி இருப்பதாக மனசுக்குள் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நான் கடையில் விற்கிற பொருள்தான், ஆனாலும் ஆகாயத்தில் அதைக் கண்டால் குலை நடுங்குகிறது. சீமைக்கருவேலம் ஆளைக் கொல்லாது. விங்கைக் கிழிக்கும், முள்ளெடுக்க ஒரு சாயங்காலம் போய்விடும். கம்பத்தின் விபரீதத்துக்கு ஓர் உதாரணம்: 2023 மார்ச்சில் வர்க்கலா கடற்கரையில் டேண்டம் விங் ஒன்று ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தில் மாட்டி, பயணியும் விமானியும் நெடுநேரம் உச்சியிலேயே தொங்கினார்கள். கீழே வலை விரித்துத்தான் மீட்டார்கள்.

"அடுத்த மாசம் குடும்பத்தோட வாகமன் போறோம். டேண்டம் பைலட் நல்ல ஆளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டேண்டம் என்பது இரண்டு பேர் ஒரே விங்கில், முன்னால் நீங்கள், பின்னால் விமானி. முதலில் அந்த மாநிலத்தில் பதிவு செய்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ரிசர்வ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல விமானி கைப்பிடியைத் தொட்டுக் காட்டுவார், இதெல்லாம் எதற்கு சார் என்பவரிடம் ஏறாதீர்கள். ஹெல்மெட் தலையில் ஆடக் கூடாது.

இதைவிட முக்கியம் இரண்டு தொடைகளிலும் வரும் பட்டை. ஓடத் தொடங்கும் முன் இரண்டையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் குலுவில் பயணி ஒருவர் நடுவானில் நழுவி விழுந்து இறந்தார். பட்டையைச் சரிபார்க்காததே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் சொன்னார்கள். அந்தத் தப்பைத் தவிர்க்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஒரு கிளிக் சத்தம் கேட்டதா என்று பார்த்திருந்தால் போதும்.

காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று விமானி சொன்னால் சண்டை போடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ரவுண்டு மட்டும் என்று காசைக் கூட்டிக் கொடுத்து வற்புறுத்துகிற அப்பாமார்களை நான் பார்த்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறவர்தான் நல்ல விமானி.

"காலேஜ் விழாவுல ஜீப்புல கட்டி இழுக்கிறாங்க. அம்பது அடிதானே, அது சேஃப்தானே?"

இந்தப் பட்டியலில் நான் பிள்ளைகளை அனுப்பாத ஒன்று அதுதான். தாழப் பறப்பது பற்றி மேலே சொன்னது இங்கே முழுசாகப் பொருந்தும். ரிசர்வுக்கு உயரம் இல்லை, தொங்குகிறவருக்குத் திருப்பத் தெரியாது, கயிற்றின் இந்த முனையில் இருக்கும் டிரைவருக்குக் காற்று தெரியாது. கோவையில் இப்படி மேலே இழுக்கப்பட்ட ஒருவர் ஹார்னஸிலிருந்து நழுவி விழுந்து இறந்தார். பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வேடிக்கை பார்க்கவே அழகாக இருக்கும்.

"இதுக்கு லைசென்ஸ் உண்டா?"

பைக்குக்கு ஆர்டிஓ மாதிரி ஒரே அலுவலகம் கிடையாது. பயிற்சிப் பள்ளிகள் பி1, பி2 என்று படிப்படியாகச் சான்று தருகின்றன. உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் ஐபிபிஐ அட்டை இருந்தால் வெளிநாட்டிலும் ஏற்பார்கள். இமாச்சலம் 2004-லேயே தனி விதிகள் கொண்டுவந்தது. மத்திய அரசு 2022-ல் தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது, பாராகிளைடிங், ஸ்கைடைவிங், பலூன் எல்லாம் அதற்குள் வருகின்றன.

"எல்ஐசி இருக்கு, அது போதும்ல?"

போதுமா என்று பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள், முன் அட்டையை அல்ல. விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் ஆபத்தான விளையாட்டுகளால் வரும் காயத்துக்குப் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்துவிட்டுப் பறந்தால், பின்னால் அலைவது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டார். மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும்.

"கத்துக்க எவ்வளவு ஆகும்? பழைய விங் சல்லிசா வருது, வாங்கலாமா?"

ஆரம்பப் பயிற்சி சில பத்தாயிரங்களில் முடியும். புது விங், ஹார்னஸ், ரிசர்வ் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். பழையதில் தப்பில்லை, நானும் பழையதில்தான் தொடங்கினேன். ஆனால் நைலான் துணிக்கு எமன் வெயில். மேலுக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளுக்குள் பூச்சு போய்க் காற்று ஊடுருவும். அப்படிப்பட்ட விங் எழும்பச் சோம்பல்படும், மடங்கினால் விரியாது. துணியில் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனையும் கயிற்று நீளச் சோதனையும் செய்த தாளைக் கேளுங்கள். யார் ஓட்டியது என்றும் கேளுங்கள். டி வகை விங் மலிவாக வருகிறது என்று புது ஆள் வாங்கினால் அது லாபம் இல்லை.

"ஜல்லிக்கட்டுல மாடு புடிக்கிறவனும் நீங்களும் ஒண்ணுதான். ரெண்டும் கொழுப்பு!"

பாலமேட்டுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கொழுப்பு கொஞ்சம் உண்டுதான். ஆனால் வாடிவாசலில் இறங்கும் பையனுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் டாக்டரும் நிற்கிறார்கள், மாடு முட்டினால் தூக்க நூறு கை இருக்கிறது. மலையில் கால் உடைந்தால் 108 வருவதற்கே சாலை வரை யாராவது சுமக்க வேண்டும். அதனால் தனியாகப் பறக்கக் கூடாது. ரேடியோவும், விசிலும், எங்கே கிளம்பினேன் என்று தெரிந்த ஓர் ஆளும் தரையில் இருக்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசம். மாட்டின் முன்னால் பின்வாங்கினால் ஊர் பார்க்கும். நாங்கள் காற்று சரியில்லை என்று விங்கைச் சுருட்டி, 18 கிலோ மூட்டையைத் தோளில் போட்டு நடந்து இறங்கினால் யாரும் பார்ப்பதில்லை. அந்த வெட்கம் இல்லாததுதான் எங்களுக்குச் சௌகரியம். போனில் வீடியோ எடுக்க ஆள் வந்துவிட்டால் அந்தச் சௌகரியமும் போய்விடும், அன்றைக்கு நான் இரண்டு மடங்கு யோசிப்பேன்.

"இவ்வளவு பயம் இருக்குல, அப்புறம் எதுக்குத்தான் போற? என்ன கிடைக்குது?"

அத்தை கேட்டது. ஒரு தெர்மலில் நுழையும் கணத்தைச் சொல்கிறேன். முதலில் ஒரு பக்கத் தோளுக்கு மேல் விங் லேசாக இறுகும், ஹார்னஸின் அந்தப் பக்கம் தூக்கும். வேரியோ கத்துவதற்கு முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். எடையை அந்தப் பக்கம் சாய்த்து, பிரேக் கயிற்றைக் கொஞ்சம் இழுத்தால் சுழலத் தொடங்குவோம். கீழேயிருந்து ஈரமண் வாசமும் சில சமயம் சமையல் புகையும் அதே காற்றில் ஏறி வரும். நிழல்கள் சின்னதாகிக்கொண்டே போகும். பத்து நிமிடம் முன்பு கடையின் ஜிஎஸ்டியும் வராத பாக்கியும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன, அதெல்லாம் நினைவுக்கே வராது. வரவும் கூடாது, வந்தால் தெர்மலை விட்டுவிடுவோம்.

அட்ரினலின் என்கிறார்கள். எனக்கு அது சில நொடிக் கதை. நிலைத்து நின்றது வேறு. நான் வானத்தைப் படிக்கக் கற்றேன். மேகத்தின் அடிப்பகுதியைப் பார்த்து, புகை சாய்வதைப் பார்த்து, புல் அசைவதைப் பார்த்து, இன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடிகிறது. ஆபத்து இல்லாமல் இது வருமா என்றால், வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தப்பினால் எலும்பு உடையும் என்ற பாடத்தைத்தான் நான் ஒழுங்காகப் படித்தேன், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்தாயிற்று.

"பழகப் பழகப் பயம் போயிரும்ல?"

போய்விடும், அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். புத்தம்புது ஆள் பயத்தில் எல்லாவற்றையும் சரிபார்ப்பார். முழு அனுபவசாலி பழக்கத்தில் சரிபார்ப்பார். நடுவில் இருப்பவருக்குக் கை பழகியிருக்கும், தலை பழகியிருக்காது. சி, டி வகை விங் வாங்குவதும் நடுப்பகலில் கிளம்புவதும் அந்தக் காலத்தில்தான்.

அனுபவமும் காப்பாற்றும் என்று உறுதி இல்லை. ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012 அக்டோபர் 14-ல் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து, ஒலியின் வேகத்தையே தாண்டி மணிக்கு 1,357 கிலோமீட்டரில் விழுந்து, நின்ற நிலையில் தரையிறங்கினார். அவர் 2025 ஜூலையில் இத்தாலியில் இறந்தது விண்வெளி விளிம்பில் இல்லை, சாதாரண விடுமுறைப் பறத்தலில், மோட்டார் வைத்த பாராகிளைடரில்.

"ரீல்ஸ்ல வௌவால் மாதிரி டிரெஸ் போட்டுப் பாறையை உரசிப் பறக்கிறாங்களே, அதுக்குப் பயிற்சி எங்க குடுப்பாங்க?"

விங்சூட். முதலில் ஸ்கைடைவிங்கில் குறைந்தது 200 குதிப்பு முடிக்காமல் அதைத் தொடவே விடமாட்டார்கள், அதுவும் விமானத்திலிருந்துதான். நீங்கள் பார்ப்பது பாறையிலிருந்து குதித்துத் தரையை உரசுவது. இரண்டு கேள்விகளுக்கான பதில்களைச் சேர்த்துப் படியுங்கள்: பேஸ் ஜம்பிங்கின் 2,300-க்கு ஒன்று, தரைக்குப் பக்கத்தில் நேரம் இல்லை என்பது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பாறையிலிருந்து இரண்டு மீட்டரில் போகிறவருக்குத் திருத்திக்கொள்ள ஒரு நொடியும் இல்லை. இந்தக் கலையில் உலகிலேயே பேர் பெற்றவர்களில் ஒருவரான டீன் பாட்டர் 2015-ல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் இறந்தார். ரீல்ஸில் முப்பது நொடிதான் தெரியும். எனக்கு யாராவது தம்பி கேட்டால் பதில் ஒன்றுதான், வேண்டாம்ப்பா.

"பொண்டாட்டி, புள்ள இருக்கிறவன் இதைச் செய்யுறது சுயநலம் இல்லையா?"

சுயநலம்தான். பறக்கிற சந்தோஷம் எனக்கு, விழுந்தால் படுக்கை பார்க்கிறது அவள். இதற்கு அழகான மறுமொழி எதுவும் என்னிடம் இல்லை. செய்ய முடிந்தது, ஆபத்தைக் குறைப்பது. கல்யாணத்துக்குப் பிறகு பி வகைக்கு மேல் விங் வாங்குவதில்லை, போட்டிக்குப் போவதில்லை, நடுப்பகலில் பறப்பதில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால் காரணம் கேட்பதில்லை.

"வீட்டுல சொன்னா விடமாட்டாங்கண்ணே. சொல்லாமப் போயிட்டு வந்துரலாமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கடுமையாகப் பதில் சொல்வேன். விபத்து நடந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது ரத்த வகை, ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, கையெழுத்துப் போட ஓர் ஆள். நீ கொடைக்கானலில் பிரெண்டு வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு வாகமனிலிருந்து போன் போனால் அவர் எந்தப் பஸ்ஸில் ஏறுவார்? வலிப்பு, நெஞ்சுவலி, முதுகுத் தொந்தரவு இருந்தால் பறக்கக் கூடாது. அதைக்கூடப் பல சமயம் வீட்டில்தான் ஞாபகப்படுத்துவார்கள்.

சொல்லிவிட்டுப் போ. ஒரு தாளில் ரத்த வகை, இரண்டு போன் நம்பர், பாலிசி எண், பறக்கிற இடத்தின் பெயர் எழுதி ஒன்றை வீட்டில் வை, இன்னொன்றை ஹார்னஸ் பையில் வை. சண்டை வந்தால் கடைக்குக் கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதே, கடை லீவு.